எம்.பி.பி.எஸ். சீட் கிடைச்சாச்சு, இனி ஜாலியா இருக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்சலிங் முடிந்து ஆணை கைக்கு வருகிற வாரத்தில் எங்கள் வீட்டு முகப்பில் குறைந்தது இரண்டு குடும்பமாவது உட்கார்ந்திருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். நான் இந்தப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் என்பதால், விவரம் கேட்க யாராவது என்னைக் கைகாட்டி விடுகிறார்கள். பெற்றோர் முகப்பிலேயே சத்தமாகக் கேட்பார்கள். பிள்ளை, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்கும். இரண்டு வகைக் கேள்விகளும் கீழே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை வருஷம்? நாலரைங்கிறாங்க, அஞ்சரைங்கிறாங்க. மேற்படிப்புக்கான பி.ஜி. பரீட்சை எப்ப வரும்?

இரண்டும் சரிதான். படிப்பு நாலரை வருஷம், அதாவது 54 மாதம். அதன் பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் துறை துறையாகச் சுற்றி வேலை பார்க்க வேண்டும். இதை ஹவுஸ் சர்ஜன் என்றும் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் சொல்வார்கள். முதல் வருஷம் அனாட்டமி (உடற்கூறியல்), பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. இரண்டாம் வருஷம் பேத்தாலஜி, ஃபார்மகாலஜி, மைக்ரோபயாலஜி. அதற்குப் பிறகு மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, குழந்தை நலம் என்று வார்டைச் சுற்றிய பாடங்கள். மொத்தம் 19.

அந்த 19 பாடத்துக்கும் சேர்த்து வைப்பதுதான் நீட் பி.ஜி. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். சரியென்றால் 4 வரும், தப்பென்றால் 1 போகும். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்று தனிப் பரீட்சை, வருஷத்துக்கு இரண்டு தடவை. ஹவுஸ் சர்ஜனை முடித்தவர்களும், குறித்த தேதிக்குள் முடிக்கப் போகிறவர்களும் இவற்றை எழுதலாம். அதாவது இன்றைக்குச் சேருகிற பிள்ளைக்கு அது ஐந்து வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது. இந்தத் தூரம் மறந்துபோவதால்தான் கீழே உள்ள கேள்விகளில் பாதி பிறக்கின்றன.

டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு காலேஜ் லைஃப்னு ஒண்ணு உண்டா ஆச்சி?

உண்டு. ஆனால் இன்ஜினியரிங் போன உங்கள் சிநேகிதனுடையதைப் போல இருக்காது. அவன் செமஸ்டர் முடிந்து லீவில் ஊருக்கு வந்து சுற்றும்போது நீங்கள் இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியே வைக்கிற உள்தேர்வுக்கு, படித்துக்கொண்டிருப்பீர்கள். அவன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை வாங்கிக் கொடுக்கும்போதும் நீங்கள் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். இது கொஞ்சம் வலிக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பதிலுக்குக் கிடைப்பது வேறு மாதிரியானது. இரவு ஒரு மணிக்கு விவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) படிக்கிற சாக்கில் பத்துப் பேர் ஒரு அறையில் கூடி, எலும்பை நடுவில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது. உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலை விட்டு வெளியே வந்ததும் ஃபார்மலின் வாடை போகாத கையோடு கேன்டீனுக்கு ஓடுவது. முதல் பிரசவத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் பேச்சில்லாமல் நடந்து வருவது. ஐந்தரை வருஷம் ஒரே கூட்டத்தோடு இருப்பதால், அந்த ஒட்டுதல் வேறு படிப்பில் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

அட்மிஷனுக்கும் வகுப்புத் தொடங்குறதுக்கும் நடுவுல சும்மாதானே இருக்கான், அனாட்டமி புத்தகம் வாங்கிக் கொடுத்துரட்டுமா டாக்டரம்மா?

வேண்டாம். நீட்டுக்காக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தூக்கத்தைத் தொலைத்த பிள்ளை. தூங்கவிடுங்கள். துணி துவைக்க, சாதம் வடிக்க, பேங்க் வேலை பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஹாஸ்டலில் முதல் மாதம் அனாட்டமியைவிட அதுதான் தேவைப்படும்.

முதல் வருஷத்துலயே பி.ஜி. கோச்சிங் ஆப் வாங்கிரணுமா? எங்க பேட்ச்ல பாதிப் பேர் வாங்கிட்டாங்க.

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். அதிகம் பணம் போகிற இடமும் இதுதான். என் பதில்: இப்போது வேண்டாம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) அப்பா, போருக்கு முன்னால் பினாங்கில் ஒரு வட்டிக்கடைக்குப் போனவர். பதினாலு வயதில் பெட்டியடிப் பையனாகப் போனார். கடையைக் கூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, கடிதத்தை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவது, ராத்திரியில் கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அதற்கப்புறம்தான் அடுத்தாள், அதற்கும் அப்புறம்தான் மேலாள். பெட்டியடியில் இருக்கும்போதே மேலாளின் பேரேட்டைத் திறந்து மனப்பாடம் செய்திருந்தால் ஐயாவுக்கு என்ன விளங்கியிருக்கும்? கடன் கேட்டு வருகிறவன் முகத்தையே அதுவரை அவர் சரியாகப் பார்த்ததில்லையே.

பி.ஜி. வீடியோக்களும் அப்படித்தான். அவை வார்டைப் பார்த்து முடித்தவர்களுக்காகச் சுருக்கப்பட்டவை. கேள்விகளும் இப்போது "இன்ன வயதுக்காரர், இன்ன தொந்தரவோடு வந்தார், அடுத்து என்ன செய்வீர்கள்" என்கிற பாணியில்தான் நிறைய வருகின்றன. நோயாளியையே பார்க்காதவர் அதைப் படித்தால் சொல் மட்டும் தங்கும், ஆள் தங்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் வருஷப் பல்கலைக்கழகத் தேர்வு கட்டுரை, குறுவிடை, படம், விவா என்று நடக்கும். நாலு விடையில் ஒன்றை டிக் அடித்தே பழகியவர்கள் வெள்ளைத்தாளைப் பார்த்துத் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, போனது போகட்டும். வகுப்பில் ஒரு பாடம் முடிந்ததும் அந்தத் தலைப்பில் மட்டும் பத்துக் கேள்வி போட்டுப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று தெரியும். அதற்கு மேல் இந்த வருஷம் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அப்ப முதல் வருஷம் என்னதான் செய்றது?

அன்றன்றைக்கு நடத்தியதை அன்றன்றைக்கே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்துத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். வாரக் கடைசியில் ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை. வட்டி எப்படி ஏறும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டையும் லாக்புக்கையும் சேர்த்து வைக்காதீர்கள். கடைசி மாதத்தில் கையெழுத்து வாங்க அலைகிற நேரத்தில் உடலின் இரண்டு சிஸ்டத்தை (மண்டலத்தை) படித்துவிடலாம்.

இதைச் செய்தால் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு உங்களுடையது. ஷட்டிலோ கேரமோ வெட்டிப்பேச்சோ, எதுவானாலும் சரி. நான் பார்த்தவரை, நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருப்பவர்களில் பலர் உண்மையில் நாள் முழுக்க போனோடு இருக்கிறார்கள். படிப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை.

தினமும் காரைக்குடியிலிருந்து பஸ்ல போய்ட்டு வரட்டுமே? ஹாஸ்டல்ல சேர்த்தா பிள்ளை கெட்டுப்போயிரும்னு அவங்க அப்பத்தா பயப்படுறாங்க.

சிவகங்கையோ புதுக்கோட்டையோ, போகவர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பன்னிரண்டு மணி நேரம். மேலே சொன்ன திருப்பிப் பார்க்கிற நேரமும் விளையாட்டு நேரமும் அப்படியே பஸ்ஸில் கரைந்துவிடும். ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் கண் சொக்கும். அப்புறம் வார்டு டியூட்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

ராகிங் பயம் என்றால், தமிழ்நாட்டில் அதற்கு 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. கல்லூரியிலும் குழு இருக்கும். பிள்ளையிடம் "எது நடந்தாலும் எங்களிடம் சொல்லு, திட்ட மாட்டோம்" என்று ஒரு தடவை சொல்லி அனுப்புங்கள். அப்பத்தாவிடம் வாரம் ஒரு வீடியோ கால் போட்டுக் கொடுங்கள், சமாதானம் ஆகிவிடுவார்.

நான் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். 7.5 சதவீதத்துல வந்தேன். மத்தவங்க மாதிரி சுத்தினா நான் தேறுவேனா அக்கா?

இந்தக் கேள்வி எப்போதும் வாசலில்தான் வரும். அதுவும் ரொம்பச் சின்னக் குரலில்.

2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததிலிருந்து நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். முதல் மூன்று மாதம் ஆங்கிலம் மூச்சுமுட்டும், உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்கிற கழுத்துத் தசையின் பெயர் சென்னையில் கான்வென்டில் படித்த பெண்ணுக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவை காதில் விழுகிறது. அது லத்தீனும் கிரேக்கமும். அங்கே எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். உங்களுக்குக் கூடுதலாக வேண்டியது வாக்கியம் அமைக்கிற பழக்கம் மட்டும். தினம் ஒரு குறுவிடையை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு சீனியரிடம் திருத்தி வாங்குங்கள். ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.

இனி வார்டுக்கு வருவோம். நோயாளி வந்து "நெஞ்சைக் கரிக்குது, கால் மதமதங்குது, எந்திரிச்சா கிறுகிறுங்குது, ராத்திரியில இளைக்குது" என்பார். இந்த நாலுக்கும் நாலு வேறு அர்த்தம். மதமதப்பு வேறு, கடுப்பு வேறு, குத்தல் வேறு. என்னோடு படித்த கெட்டிக்காரர்கள் சிலர் இதைப் புரிந்துகொள்ளத் தவித்தார்கள். ஊர்ப் பாட்டிகளோடு வளர்ந்தவர்கள் இரண்டே நிமிஷத்தில் கேஸ் எடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது முதல் வருஷத்திலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கிற திட்டம் பாடத்திலேயே இருக்கிறது. அங்கே போகும்போது வகுப்பே உங்களைத்தான் முன்னால் தள்ளும்.

ஆகவே "சுத்தினா தேறுவேனா" என்பதற்குப் பதில்: மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுங்கள். ஒதுங்கி அறைக்குள் உட்கார்ந்து படிப்பதுதான் உங்களுக்கு அதிக ஆபத்து. ஆங்கிலமும் அந்தச் சுற்றலில்தான் வரும்.

வீட்டு விசேஷம் ஒண்ணுவிடாம வரச் சொல்றாங்க. வரலைன்னா வருத்தப்படுறாங்க. எத்தனைக்கு வரலாம்?

தியரியில் 75 சதவீதமும் பிராக்டிக்கலில் 80 சதவீதமும் வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிறைய லீவு இருப்பது போலத் தெரியும். ஆனால் காய்ச்சலுக்கும் அம்மைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். நம் ஊரில் கல்யாணம், சாந்தி, படைப்பு, புதுமை, கோயில் திருவிழா என்று வரிசையாகப் போனால் மார்கழிக்குள்ளேயே கையிருப்பு தீர்ந்துவிடும்.

நான் செய்தது இது. வருஷ ஆரம்பத்தில் ஆத்தாவிடம் (அம்மாவிடம்) "மூன்று விசேஷம்தான், எது எது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் எங்கள் வீட்டு முன்னோர் படைப்பு, சித்தப்பா மகள் கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்று பட்டியல் வந்தது. நோன்பன்று இழை எடுக்கிற சடங்கை முடித்துக்கொண்டு மறுநாள் காலை வகுப்பில் இருந்தேன். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இன்டர்னல் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கப்புறம் கூப்பிடுங்கள்.

கல்ச்சுரல்ஸ், டூர் எல்லாம் ஃபைனல் இயர்ல பாத்துக்கலாம்ல? இப்பப் படிச்சிருவோம்.

தலைகீழாக யோசிக்கிறீர்கள். கடைசி வருஷத்தில்தான் மெடிசின், சர்ஜரி, மகப்பேறு எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். எங்கள் காலத்தில் இரண்டாம் வருஷப் பாடம் ஒன்றரை வருஷம் நடந்தது. தேனிலவுக் காலம் என்று அதைச் சொல்வோம். இப்போது அதையும் 12 மாதமாகச் சுருக்கிவிட்டார்கள். என்றாலும் முதல் மூன்று வருஷத்தில்தான் மூச்சுவிட இடம் இருக்கிறது. பாட வேண்டும், மேடை ஏற வேண்டும், கொடைக்கானல் போக வேண்டும் என்றால் அப்போதே முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெயர் கொடுக்க வேண்டாம். ஒன்றைப் பிடித்து அதில் நில்லுங்கள். விழாக் கமிட்டியில் செயலாளர் பதவி மட்டும் யோசித்து வாங்குங்கள், இரண்டு மாதத்தை விழுங்கும்.

ரிசர்ச் பண்ணி பேப்பர் போடணுமாமே? இல்லைன்னா பி.ஜி. கிடைக்காதாம்.

யாரோ வெளிநாட்டுக் கதையை நம் ஊரோடு குழப்பியிருக்கிறார்கள். இந்தியாவில் நீட் பி.ஜி. தரவரிசைதான் பேசும், கட்டுரைக்கு மார்க் கிடையாது. அமெரிக்கா போகிற எண்ணம் இருந்தால் கதை வேறு. அங்கே டாக்டர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதல் கட்டம் 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்டதால் மற்றவற்றுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

ஆசையாக இருந்தால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்துகிற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. 1979-லிருந்து நடக்கிறது, இரண்டு மாத வேலை, உதவித்தொகையும் உண்டு. இரண்டாம் வருஷத்தில் ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்து விண்ணப்பியுங்கள். பயோடேட்டாவுக்காகச் செய்தால் சலித்துப்போகும்.

எங்க அப்பச்சி இப்பவே ரேடியாலஜியா, ஸ்கின்னான்னு முடிவு பண்ணச் சொல்றாங்க. என்ன சொல்றது?

இன்னும் ஸ்டெதஸ்கோப்பே வாங்கவில்லை! "மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் சர்ஜன் ஆவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனவள். சர்ஜரி போஸ்டிங்கில் அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கிற ரிட்ராக்டரை நாலு மணி நேரம் பிடித்து நின்றபோது, உள்ளே நடப்பதைவிட வெளியே பெஞ்சில் காத்திருக்கிற குடும்பம்தான் மனதில் ஓடியது. அதைப் பதினெட்டு வயதில் எந்தப் பட்டியலைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது. இப்போது எலெக்டிவ் என்று விருப்பத் துறையில் சில வாரம் வேலை பார்க்கவே பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குள் முடிவெடுக்க அவசரமில்லை.

முதல் இன்டர்னல்ல ஃபெயில். ஃப்ரெஷர்ஸ் டே, டூர்னு ஆடினதாலதான்னு வீட்டுல திட்டு. உண்மையா?

நானும் அனாட்டமி முதல் இன்டர்னலில் ஃபெயில்தான். நான் எங்கேயும் ஆடவில்லை, அழுதுகொண்டே படித்துத்தான் ஃபெயிலானேன். பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து மஞ்சள் கோடு போட்டேன், ஒன்றையும் வரைந்து பார்க்கவில்லை. இடியாப்பச் சிக்கல் என்பார்களே, கைக்குப் போகிற நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸ் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒருநாள் மெஸ்ஸில் நிஜ இடியாப்பத்தை வைத்தே ஒரு சீனியர் அக்கா அடுக்கிக் காட்டினார். ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று வடம், ஐந்து கிளை. அதற்கப்புறம் மறக்கவே இல்லை. இடியாப்பம்தான் ஆறிப்போய்விட்டது.

எனவே முதலில் எப்படிப் படித்தீர்கள் என்று பாருங்கள், அப்புறம் எவ்வளவு ஆடினீர்கள் என்று பார்க்கலாம். இன்டர்னல் போனால் அடுத்ததில் சரிக்கட்டலாம். பல்கலைக்கழகத் தேர்விலேயே போனாலும் துணைத் தேர்வு உண்டு. ஆனால் முதல் வருஷத்துக்கு மொத்தம் நாலு வாய்ப்புதான் என்பது விதி. அதனால் இரண்டாவது இன்டர்னலும் போனால் வெட்கப்படாமல் துறையில் போய் நில்லுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அது படிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை. டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

படிச்சா வாழ்க்கை போகுதேன்னு இருக்கு. படத்துக்குப் போனா படிப்பு போகுதேன்னு இருக்கு. ரெண்டுலயும் மனசு ஒட்டலை.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. எனக்கு இப்போதும் சில நாள் இருக்கிறது.

உதவியது ஒன்றைச் சொல்கிறேன். ஐயா ராத்திரியில் அன்றைய வரவு செலவை எழுதி முடித்துப் பெட்டியை மூடினால், அப்புறம் கடையைப் பற்றிப் பேசமாட்டார் என்று அப்பத்தா சொல்வார். நானும் இன்று எது முடிய வேண்டும் என்று காலையில் இரண்டே வரி எழுதுவேன். அது முடிந்தால் நாள் முடிந்தது. முடியாவிட்டால் மறுநாள் முதல் வரி அது. "முடிந்தவரை படிப்பேன்" என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு படித்தாலும் கடன் நிற்கும்.

லவ் பண்ணலாமா அக்கா?

அதை என்னிடம் கேட்டா செய்யப் போகிறீர்கள்? ஒரே பேட்ச் என்றால் பிரிந்த பிறகும் ஐந்தரை வருஷம் ஒரே வார்டில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, பி.ஜி.க்கு எப்பத்தான் ஆரம்பிக்கிறது? நெக்ஸ்ட் வருதுங்கிறாங்களே?

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு, வார்டு பழகிய பின், மெதுவாக. கடைசி வருஷத்தில் அந்தந்தப் பாடத்தோடு சேர்த்துக் கேள்விப் பயிற்சி. முழு மூச்சாக ஹவுஸ் சர்ஜனிலும் அதற்குப் பிறகும். பழைய 19 பாடத்தையும் அப்போது திருப்புவீர்கள். முதல் வருஷம் ஒழுங்காகப் படித்திருந்தால் அது திருப்புதலாக இருக்கும், இல்லையென்றால் புதுப்பாடமாக இருக்கும். ஆப்பைப் பற்றி முன்பு சொன்னதன் காரணம் இதுதான். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வாகவும் பி.ஜி. நுழைவாகவும் இருக்கப்போகிற நெக்ஸ்ட் என்கிற பொதுத்தேர்வுக்கு 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இதை எழுதும் வரை நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் கேட்கப்போவது இதே பாடங்களைத்தான்.

முதல் முயற்சியில பி.ஜி. கிடைக்கலைன்னா? இவ்வளவு ஜாலியா இருந்ததுக்கு அப்ப வருத்தப்படமாட்டோமா?

படலாம். ஆனால் வழி அடைபடாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசு உதவி மருத்துவராகச் சேர்ந்தால், தமிழ்நாட்டில் மாநிலத்துக்குரிய பி.ஜி. இடங்களில் பாதி அப்படிப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. நான் அந்தப் பாதையில்தான் இருக்கிறேன். பிரசவமும் நாய்க்கடியும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே ராத்திரியில் படிக்கிறேன். போன முயற்சியில் கிடைக்கவில்லை. எங்கள் பேட்ச் கொடைக்கானல் போன மூன்று நாள்தான் அதற்குக் காரணம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கடைசி வருஷத்தில் போனை வைத்துக்கொண்டு தொலைத்த ராத்திரிகள்தான் உறுத்துகின்றன.

ஹாஸ்டலுக்கு என்ன பலகாரம் கொடுத்துவிடலாம்?

எல்லா ஆத்தாமாரும் கடைசியாகக் கேட்பது. சீப்புச் சீடை, கைமுறுக்கு, மணகோலம் வாரக்கணக்கில் தாங்கும். வெள்ளைப் பணியாரம் அனுப்பாதீர்கள், போய்ச் சேருமுன் தோல் மாதிரி ஆகிவிடும். அளவைப் பிள்ளைக்கு என்று பார்க்காமல் தாழ்வாரம் முழுக்க இருக்கிற பதினைந்து பேருக்கு என்று பாருங்கள். எனக்கு இடியாப்பம் அடுக்கிக் காட்டிய சீனியர் அக்கா முதல் தடவை என் அறைக் கதவைத் தட்டியது மணகோல வாசனைக்குத்தான்.